ஆடை கட்டாத பால்

தாய்ப்பாலைப் பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே வெளிர்மஞ்சளாக ஓர் ஆடை, கீழே லேசாக நீலம் ஓடிய பால். மார்பிலிருந்து நேராகக் குடிக்கும் குழந்தையின் தாய் இதைப் பார்க்கவே வாய்ப்பில்லை. குறைமாதத்தில் பெற்று, பிள்ளையைப் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் விட்டுவிட்டுப் பாலை மட்டும் எடுத்துக் கொடுத்தனுப்பும் பெண்களுக்கு அது அன்றாடக் காட்சி. நானும் அப்படி ஒருத்தி. பாட்டிலின் மேல் எவ்வளவு ஆடை நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே நான் நல்ல தாயா இல்லையா என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தேன்.

என் மகன் 33ஆவது வாரத்தில், ஒன்றே முக்கால் கிலோ எடையோடு கோவையில் பிறந்தான். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யத் தெரியாத பருவம். மெல்லிய ட்யூப் வழியாகத்தான் வயிற்றுக்குப் பால் போகும். பெயரும் நேரமும் எழுதி ஒட்டிய பாட்டிலை நர்ஸ் வாங்கி அடுக்குவார். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும்போதெல்லாம் என் கண் பக்கத்துப் பாட்டில்களுக்குப் போகும். அவற்றில் ஒருத்தியின் பாட்டிலில் மட்டும் எப்போதும் தடிமனாக ஆடை கட்டியிருக்கும். கட்டட வேலைக்குப் போகிறவள் அவள். வார்டிலேயே தங்கி, கிடைத்த இட்லியையும் ரசம் சாதத்தையும் சாப்பிடுகிறவள். நானோ பாதாம், முந்திரி, பேரீச்சை என்று வேளைக்கொரு டப்பாவைக் காலிசெய்துகொண்டிருந்தேன். என் பாட்டிலில் நூல் போல ஒரு கோடு மட்டும்தான். அவள் மேல் எனக்கு வந்தது பொறாமை. அவள் குழந்தைக்கு முப்பது கிராம் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னால் என் முகம் சிரிக்கும், உள்ளே எரியும். இதை அப்போது என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

“ஏங்கண்ணு, பாலு தண்ணியாட்ட இருக்குதே” என்றார் அத்தை, என் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான்கு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் அவர். கொழுப்பு குறைந்தால் லிட்டருக்கு இத்தனை ரூபாய் குறையும் என்பதை ஆயுள் முழுக்கப் பார்த்த கண். “மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வெச்சா பாலு கெட்டியாகுது. மனுசிக்கு ஆகாதா?” என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் இட்லிக்கு நெய், சோற்றுக்கு நெய், ராத்திரிப் பாலிலும் ஒரு கரண்டி நெய். பாட்டிலில் நூல் நூலாகவே இருந்தது. என் இடுப்புதான் தடித்தது.

இரவு டியூட்டிக்கு வரும் மூத்த நர்ஸ் ஒருவர்தான் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்காமல் வேறொன்றைக் கேட்டார்: “கடைசியா எப்பம்மா எடுத்தீங்க?” நான் வாடகை அறையிலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறவள். ஐந்தாறு மணி நேரம் இடைவெளி விழும். மார்பு கல்லாகக் கனத்த பிறகு பம்ப்பை வைத்து, ஓட்டம் குறைந்ததும் எடுத்துவிடுவேன். “முதல்ல வர்றத ஒரு பாட்டில்ல புடிங்க. நின்னுடுச்சுன்னு எந்திரிச்சுடாதீங்க. கையால நல்லா நீவி, பிழிஞ்சு, கடைசியா சொட்டுறத இன்னொரு பாட்டில்ல புடிங்க. காலைல ரெண்டையும் பாருங்க” என்றார். காலையில் பார்த்தேன். ஒரே மார்பு, ஒரே நேரம், ஒரே நெய். முதல் பாட்டிலில் வழக்கமான கோடு. இரண்டாவதில் பால் கொஞ்சம்தான், ஆனால் அதில் கணிசமாக ஆடை.

கொழுப்பு நீரில் கரைவதில்லை. பாலில் அது சவ்வு போர்த்திய நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு. மார்பு நிரம்பியிருக்கும்போது நீர்த்த பகுதி முதலில் வடிந்துவிடும். உருண்டைகள் சுரக்கும் அறைகளின் சுவரிலேயே தங்கி, மார்பு காலியாகக் காலியாகத்தான் வெளியே வரும். ஒரே வேளையில் முதலில் வரும் பாலுக்கும் கடைசியில் வரும் பாலுக்கும் இடையே கொழுப்பு இரண்டு மூன்று மடங்குகூட மாறும். இரவு நெடுநேரம் கழித்து, அதிகாலையில் எடுக்கும் பால் நீர்த்தும், பகலிலும் மாலையிலும் எடுப்பது கொழுத்தும் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 4 கிராம் கொழுப்பு, குழந்தைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி அதிலிருந்துதான் என்று புத்தகங்கள் எழுதுவது நாள் முழுவதற்குமான சராசரி. தனியொரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல அதில் இடமில்லை.

அந்தக் கட்டட வேலைப் பெண் வார்டிலேயே இருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையாலேயே பிழிந்து முழுக்கக் காலிசெய்தாள். அவள் பாட்டிலின் ஆடைக்கு அவ்வளவுதான் காரணம். எடை ஏறாத சில குறைமாதக் குழந்தைகளுக்குக் கடைசியில் வரும் இந்தப் பின்பாலை மட்டும் தனியே பிடித்துக் கொடுக்கிற வழக்கம் மருத்துவமனைகளில் உண்டு. எனக்கும் சில நாள் அப்படிச் செய்யச் சொன்னார்கள். ட்யூபில் ஊற்றும் முன் பாட்டிலை மெல்லச் சுழற்றி ஆடையைக் கலக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். இல்லாவிட்டால் கொழுப்பு பாட்டில் சுவரிலும் ட்யூபிலும் ஒட்டி நின்றுவிடும்.

நேராகக் குடிக்கும் குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பால், பின்பால் என்று கணக்குப் போட ஆரம்பிக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில் நாள் முழுவதும் குழந்தைகள் குடித்த பாலை அளந்து பார்த்தார்கள். லிட்டருக்குச் சராசரி 41 கிராம் கொழுப்பு. அடிக்கடி குடிக்கும் குழந்தைக்கும் இடைவெளி விட்டுக் குடிக்கும் குழந்தைக்கும் நாள் முடிவில் கிடைத்த கொழுப்பில் வித்தியாசம் இல்லை. பசித்தபோது கொடுத்து, தானாக விடும்வரை விட்டால் போதும்.

அப்படியானால் தாய் சாப்பிடுவதற்கும் பாலுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அத்தை நினைத்த இடத்தில் இல்லை. சாப்பாடு பாலில் கொழுப்பின் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. என்ன வகைக் கொழுப்பு என்பதை மாற்றுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, இரவுகளில் தூக்கம் கெட்ட நேரத்தில் இதைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எங்கள் வீட்டுச் சமையலறைச் சண்டையே வேறாகத் தெரிந்தது.

அம்மா குளச்சல்காரி. பேரனைப் பார்க்க நாகர்கோவில் ரயிலில் வந்து இறங்கியவள் தேங்காய் எண்ணெயும் கருவாடும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அத்தை வீட்டுப் பத்தியத்தில் நாற்பது நாளைக்கு எண்ணெய் ஆகாது, தேங்காய் ஆகாது, மீன் பக்கமே போகக்கூடாது. குழைந்த சோறு, மிளகு ரசம், பூண்டு. விதிவிலக்கு நெய் மட்டும். “தேங்கா இல்லாம என்ன சோறு மக்களே?” என்று அம்மா என்னிடம் முனகுவாள். “பச்ச ஒடம்புக்குத் தேங்கா எண்ணெய் ஆகுமாங் சம்பந்தி?” என்று அத்தை நேராகவே கேட்பார். நடுவில் நான்.

பாலின் கொழுப்பு மூன்று வழியில் வருகிறது: அன்றைய சாப்பாடு, உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு, மார்பே மாவுச்சத்திலிருந்து செய்துகொள்வது. மூன்றாவதுதான் எனக்கு வியப்பு. நம் கல்லீரல் கொழுப்பு செய்தால் 16 கரிம அணு நீளத்துக்குச் சங்கிலி கட்டும். பால் சுரக்கும் மார்பிலோ அதைப் பாதியிலேயே நறுக்கும் நொதி ஒன்று தனியாக இருக்கிறது. அதனால் 10, 12, 14 அணு நீளமுள்ள குட்டைக் கொழுப்புகள் உருவாகின்றன. இவை சுலபமாகச் செரிப்பவை. சாப்பாட்டில் கொழுப்பு குறைந்து சோறு கூடினால் மார்பு இந்த வேலையைக் கூடுதலாகச் செய்யும். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1959இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். கொழுப்பில்லாத, மாவுச்சத்து மிகுந்த உணவு கொடுத்தபோது பாலில் 12 அணு லாரிக், 14 அணு மிரிஸ்டிக் அமிலங்கள் ஏறின. சோள எண்ணெய் கொடுத்தபோது பாலின் கொழுப்பு சோள எண்ணெயின் சாயலுக்கு மாறியது. சாப்பாட்டைக் குறைத்தபோது அது உடம்பின் சேமிப்புக் கொழுப்பைப் போல ஆனது.

அந்த 12 அணு லாரிக் அமிலம்தான் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி. அமெரிக்காவின் ஓரிகானில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில் தாய்மார்களுக்கு ஒரு வேளை தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கொடுத்து அளந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் லாரிக் அமிலம் பாலில் ஏறி, பத்து மணி நேர வாக்கில் உச்சத்தைத் தொட்டது. ஆக, அம்மாவின் தேங்காய் எண்ணெய் காலையில் உள்ளே போனால் மாலைக்குள் பிள்ளை வாயில். அத்தையின் ரசம் சோறு மார்புக்குள் போய் அதே லாரிக் அமிலமாக மாறிப் பிள்ளை வாயில். இரண்டு சம்பந்திகளும் ஒருவர் சமையலை ஒருவர் குறைசொல்லிக்கொண்டே ஒரே பொருளைத்தான் ஊட்டியிருக்கிறார்கள். இதை இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பூண்டு கொழுப்பில் சேராது. ஆனால் அதன் வாசனை பாலில் இறங்குகிறது. தாய் பூண்டு சாப்பிட்ட பிறகு குழந்தைகள் கூடுதல் நேரம் மார்பில் இருந்ததாக 1991இல் அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவுசெய்திருக்கிறது. அத்தைக்கு ஒரு மதிப்பெண்.

மீன் விஷயத்தில் அம்மா பக்கம்தான் நியாயம், அதிலும் பாதிதான். மார்பு பல கொழுப்புகளைச் செய்துகொள்ளும், டி.எச்.ஏ.வை அப்படிச் செய்ய முடியாது. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்கு வேகமாகச் சேரும். முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பு நழுவிவிடுகிறது. பாலில் அது எவ்வளவு இருக்கும் என்பது தாய் என்ன சாப்பிடுகிறாள் என்பதைப் பொறுத்தது. உலகின் பல நாடுகளில் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஒரு கணக்கு வந்தது. பாலின் கொழுப்பில் டி.எச்.ஏ. சராசரி 0.32 சதவீதம். மிகக் குறைந்தது 0.06, மிக அதிகம் 1.4. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். கடல் உணவு சாப்பிடும் மக்களிடம் அதிகம், மீன் கிடைக்காத உள்நாடுகளில் குறைவு. பாலில் இருக்கும் கொழுப்புகளில் இந்த அளவுக்குச் சாப்பாட்டுக்குக் கட்டுப்பட்டது அதிகம் இல்லை.

பால் கொடுப்பவருக்கு நாளுக்குச் சராசரி 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. வேண்டும் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் பரிந்துரை. வாரம் இரண்டு தடவை சாளை சாப்பிட்டால் ஏறக்குறைய அங்கே போய்விடலாம். அதே மீனை உக்கடம் மார்க்கெட்டில் மத்தி என்று குவித்து வைத்திருப்பார்கள், பெரிய மீன்களோடு பார்த்தால் விலை மலிவு. ஊரில் இருந்தவரை எங்கள் வீட்டுத் தினசரிச் சாப்பாடு அது. கோவைக்கு வந்த பிறகு வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகுமே என்று கூசி நானாகவே நிறுத்தியிருந்தேன். அம்மா மார்க்கெட்டைத் தேடிப் போய் வாங்கிவந்து, மிளகரைத்துக் குழம்பு வைத்தாள். அத்தை அன்று மாட்டுக்கொட்டகையிலேயே இருந்துவிட்டார்.

பாதி நியாயம் என்றேன். அம்மாவின் பெருமிதம் சாளையில் இல்லை, பால்சுறாப் புட்டில். சுறா தின்றால் பால் ஊறும் என்று கடற்கரை முழுக்க நம்புகிறார்கள். அது புரதம் நிறைந்த நல்ல உணவு, ருசிக்குக் குறைவில்லை. ஆனால் சுறா தன் எண்ணெயை ஈரலில் வைத்துக்கொள்கிறது. புட்டாகும் சதையில் கொழுப்பு சொற்பம். பெரிய சுறாக்களில் பாதரசமும் சேரும்; பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க அரசு சுறாவை வைத்திருக்கிறது. சந்தைக்கு வரும் பால்சுறா சின்ன இனம்தான், என்றாலும் எப்போதாவது ஒருமுறை போதும் என்று முடிவெடுத்தேன். சாளைக்கும் நெத்திலிக்கும் அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. சைவர்களுக்கு ஆளி விதையைச் சொல்கிறார்கள். ஆளி எண்ணெய் பாலில் தாவர ஒமேகா-3ஐக் கூட்டுகிறது, டி.எச்.ஏ.வைக் கூட்டுவதில்லை. அவர்களுக்குக் கடல்பாசியிலிருந்து எடுத்த மாத்திரைதான் வழி. அதையும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது. கனடாவில் 29 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்கு அதிக அளவு டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் கோளாறு குறையும் என்று எதிர்பார்த்தது போய்க் கூடுமோ என்ற அச்சம் எழுந்ததால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2020இல் வந்தது. குழம்பில் வரும் மீன் வேறு, மாத்திரையில் வரும் டோஸ் வேறு.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி. பாலில் உள்ள லினோலிக் அமிலம் என்ற கொழுப்பில் எத்தனை பங்கு அன்றைய சாப்பாட்டிலிருந்து நேராக வருகிறது என்பதை, அடையாளமிட்ட கரிம அணுக்களைக் கொடுத்துப் பின்தொடர்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். சுமார் 30 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு தாயின் உடம்பில் முன்பே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வருகிறது. அதாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு பாட்டிகளும் போட்டி போட்டு ஊட்டியது பாலின் கொழுப்பில் சிறு பங்கு. பெரும்பங்கு அதற்கு முந்தைய வருடங்கள்.

அந்த வருடங்களில் நான் என்ன தின்றேன்? கோவையில் ஐ.டி. கம்பெனி வேலை. பதினோரு மணிக்கு பேக்கரியில் டீயும் பப்ஸும். நாலு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும். ராத்திரி ஷிஃப்ட் என்றால் ஹாஸ்டல் சாப்பாட்டைத் தவிர்த்து பிஸ்கட் பாக்கெட். கல்யாணத்துக்கு முன் உடம்பு குறைக்கிறேன் என்று மதியச் சாப்பாட்டை விட்டேன், பப்ஸை விடவில்லை. பப்ஸ் அடுக்கடுக்காகப் பிரிவதற்கு அந்நாளில் வனஸ்பதிதான் வழக்கம். அதன் டிரான்ஸ் கொழுப்பை நம் உடம்பு செய்வதில்லை. பாலில் அது இருந்தால் சாப்பாட்டிலிருந்து வந்தது என்றே அர்த்தம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. என் மகன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். அவன் குடித்ததில் அத்தையின் ரசமும் அம்மாவின் சாளையும் எவ்வளவு இருந்தனவோ, அந்த பேக்கரி பெஞ்சும் கூடவே இருந்திருக்கிறது. இதை நினைத்து அழுதுகொண்டெல்லாம் இருக்கவில்லை. டிரான்ஸ் கலந்திருந்தாலும் தாய்ப்பால் அவனுக்கு வேறெதையும்விட நல்லது என்று மருத்துவர் சொன்னார், நம்பினேன். ஆனால் பால்கொடுக்கும் தாய்க்குச் சத்துணவு என்று பிரசவத்தன்று தொடங்குகிற நம் அக்கறை எவ்வளவு தாமதமானது என்று அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வயதில் பெண் என்ன சாப்பிடுகிறாள் என்று எந்த வீடும் கேட்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகைபிடிக்கும் தாயின் பாலில் கொழுப்பும் குறைகிறது, அளவும் குறைகிறது. புகையிலை மென்றாலும் நிகோடின் பாலுக்குப் போகும். மிதமான நடையும் உடற்பயிற்சியும் பாலைக் கெடுப்பதில்லை. பதற்றமும் வலியும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும். இறங்காத மார்பு காலியாகாது, காலியாகாத மார்பில் கொழுப்பு தங்கிவிடும். ‘பாலு தண்ணியாட்ட இருக்குதே’ என்ற சொல்லே பாலைத் தண்ணீராக்க முடியும் என்று இதற்கு அர்த்தம். தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப்போகும் என்பது பொய். நம் நாட்டுப் பரிந்துரைப்படி முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். அந்தச் சமயத்தில் இடுப்பைக் குறைக்கப் பட்டினி கிடப்பது வேண்டாம்.

வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், அவள் எடுத்த பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதீர்கள். கடைசியாக எப்போது எடுத்தாள், முழுக்கக் காலியானதா, அவளுக்கு உட்காரவும் தூங்கவும் நேரம் கிடைத்ததா என்று கேளுங்கள். பத்தியத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதில் வாரம் இரண்டு நாள் மத்தியையோ நெத்திலியையோ சேருங்கள். பேக்கரி டப்பாவோடு பார்க்க வராதீர்கள். வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருந்தால் அவள் தட்டிலும் இன்றைக்கே அந்த மீனை வையுங்கள்.